வரப்பு போடுவது எப்படி?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு திருக்காட்டுப்பள்ளிக் கையேடு

2020 மார்ச்சில் கம்பெனி, "ரெண்டு வாரம் ஊரிலிருந்து பாருங்கள்" என்றது. ஒரு லேப்டாப், இரண்டு பேன்ட், நான்கு சட்டையோடு சென்னையிலிருந்து வந்து இறங்கினேன். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. பேன்ட் இரண்டும் புதுசாகவே இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே கேமரா காட்டுவதில்லை என்பதால் கைலியே போதும். சட்டைகள்தான் காலர் நைந்துவிட்டன.

அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் வீட்டிலேயே இருப்பவன், அதனால் எந்நேரமும் கூப்பிடலாம். வீட்டைப் பொறுத்தவரை நான் வேலைக்கே போகாதவன், அதனால் எந்நேரமும் கூப்பிடலாம். மற்ற எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு, என் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் எல்லை போடுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். எப்படிப் போடுவது என்று இத்தனை வருடம் முயன்று பார்த்துத் தோற்றவன் என்ற ஒரே தகுதியில் இந்தக் கையேட்டை எழுதுகிறேன். நீச்சல் தெரிந்தவனைவிட, குடமுருட்டியில் நாலு தடவை தண்ணீர் குடித்தவனுக்குத்தான் எங்கே ஆழம் என்று தெரியும்.

தேவையான பொருட்கள்

லேப்டாப் – 1
போன் – 2 (ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. ஒரு மாதத்தில் இரண்டிலும் இரண்டு தரப்பும் கூப்பிடுவார்கள்)
இன்வெர்ட்டர் – 1
தாழ்ப்பாள் உள்ள அறை – 1 (கிடைத்தால்)
முகத்தில் கொஞ்சம் கடுமை – தேவையான அளவு (நம் ஊர்ப் பக்கம் கிடைப்பது அரிது, வெளியூரிலிருந்து வரவழைக்கவும்)

படி 1: வரப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லை என்றதும் மதில் சுவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை கட்டிவிட்டால் தாத்தா காலம் முதல் பேரன் காலம் வரை நிற்கும் சங்கதியெல்லாம் கோயிலுக்கும் கல்லணைக்கும்தான். நமக்கு வாய்த்தது வரப்பு. அது மண். ஒவ்வொரு சாகுபடிக்கும் முன்னால் புல்லைச் செதுக்கி, அண்டை வெட்டி, சேறு வைத்து அணைத்தால்தான் நிற்கும். இந்த வருடம் போட்டது அடுத்த வருடம் இருக்காது.

வரப்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நண்டு. அது வளை தோண்டுவது வெளியே தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் நம் வயல் தண்ணீர் பக்கத்து வயலில் நிற்கும். இரண்டாவது, பக்கத்து வயல்காரர். அவர் ஒரே நாளில் வரப்பை வெட்டி எடுத்துக்கொள்ள மாட்டார். வருடத்துக்கு ஒரு மண்வெட்டிக் கொத்துதான், அதுவும் புல் செதுக்குகிற சாக்கில். பத்து வருடம் கழித்து அதே வரப்பில் ஒற்றைக்கால் வைத்து வித்தை காட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நில அளவையரைக் கூப்பிடலாமே என்றால், "நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்சவர், எப்படிடா?" என்பார் அப்பா.

அலுவலகமும் அப்படித்தான் நம் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது. முதல் வருடம் ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு குறுஞ்செய்தி. அடுத்த வருடம் "அஞ்சு நிமிஷம்" என்று ஒரு அழைப்பு. அதற்கடுத்த வருடம் அதற்கு ஒரு பெயர் வைத்து, காலண்டரில் போட்டு, தினசரி கூட்டம் ஆக்கிவிட்டார்கள். ஒரு கொத்து, இன்னொரு கொத்து. கேட்டால், நேற்று வரை ஒன்றாக டீ குடித்தவர்.

படி 2: தனி அறையைத் தேர்ந்தெடுங்கள்

அறிவுரை சொல்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வது இது. எங்கள் வீட்டில் தனி அறை என்றால் பத்தாய அறைதான். ஒரு காலத்தில் வருடத்து நெல் கிடந்த பத்தாயத்தில் இப்போது அண்டா, குண்டான், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு அச்சு, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பதினோரு எவர்சில்வர் குடங்கள் எல்லாம் இருக்கின்றன. எதிரே மேசை போட்டு உட்கார்ந்தேன். கேமராவில் பின்னணியை மங்கலாக்கிவிட்டால் பத்தாயம் ஏதோ பழைய நூலக அலமாரி மாதிரி தெரியும்.

ஒரு நாள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து நான்கு பேர், நம் தரப்பில் ஆறு பேர், நான் திரையில் ஒரு வரைபடத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்தது. அம்மா குனிந்து, கேமராவில் தெரியக் கூடாதாம், கோழி பிடிக்கிறவர் மாதிரி பதுங்கி வந்தார்.

"நீ பேசுப்பா. நான் அண்டாவ மட்டும் எடுத்துக்கிறேன்."

அண்டா எப்போதும் அடியில்தான் இருக்கும். அதன்மேல் பதினோரு குடம். முதல் குடம் தரையில் விழுந்தபோது அமெரிக்காவில் ஒருவர் காதிலிருந்ததைக் கழற்றினார். ஆறாவது குடத்தில் மேலாளர், "உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். கோயில் மணி என்றேன். நம்பிவிட்டார். அடுத்த கூட்டத்தில், "உங்கள் ஊரில் கோயில்கள் அதிகம் அல்லவா?" என்று மரியாதையோடு விசாரித்தார்.

குறிப்பு: தாழ்ப்பாள் போடலாமே என்று கேட்கலாம். போட்டேன். "உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டு என்னடா பண்ற, உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று ஜன்னல் வழியாக மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் வீட்டு ஆளே இல்லை.

படி 3: வேலை நேரத்தைத் தெளிவாக அறிவியுங்கள்

அறிவிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. மேட்டூர் அணைக்கே வேலை நேரம் உண்டு. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. 1934 முதல் தண்ணீர் விடுகிற அணை. ஆனால் சொன்ன தேதியில் திறந்த வருடங்கள் பாதிகூடத் தேறாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. டெல்டாக்காரன் இதற்கெல்லாம் பழகியவன். தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் நமக்கு வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு நம் முறை என்றால், இரண்டு மணிக்கு டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகப் போய் மடையில் நிற்க வேண்டும்.

அதனால்தான் "காலையில் பத்து முதல் மாலை ஏழு வரை எனக்கு வேலை" என்று நான் அறிவித்ததை ஊரில் யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேன் காற்றில், தனக்குத் தானே பேசிக்கொண்டு செய்வது எப்படி வேலையாகும்? "சும்மாத்தானே இருக்கே, இத ஒண்ணு பாத்துக் குடு" என்று ஆரம்பிக்கும். கரண்ட் பில் கட்டுவது, தட்கல் டிக்கெட், பயிர்க் காப்பீட்டு ரசீது, பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்று. எங்கிருந்தும் எந்நேரமும் பட்டா சிட்டா எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் வசதி செய்து கொடுத்தது. என்னிடமிருந்து எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர் அதைப் புரிந்துகொண்டது.

அலுவலகப் பக்கம் இன்னொரு கூத்து. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் கூட்டம் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். மறுநாள் முதல் நமக்கு 7.30. "அவங்க கடியாரத்தத் திருப்பினா நீ ஏண்டா ஆறிப்போன தோசையத் திங்கணும்?" என்று அம்மா கேட்டார். உலகமயமாக்கல் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இதற்குப் பதில் இல்லை.

படி 4: "முடியாது" என்று சொல்லப் பழகுங்கள்

நம் பக்கத்தில் இந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. பதிலாகக் கீழ்க்கண்டவை உண்டு. மனப்பாடம் செய்துகொள்ளவும்.

"பாக்கலாம்" – முடியாது.
"செஞ்சுடலாம்" – முடியாது, ஆனால் உங்கள் மேல் மரியாதை உண்டு.
"இதோ வந்துட்டேன்" – இன்னும் கிளம்பவில்லை.
"வந்துக்கிட்டே இருக்கேன்" – குளித்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவலக மொழிக்கும் அகராதி தேவைப்படும்.

"ஒரு சின்ன விஷயம்" – இரண்டு மணி நேரம்.
"ஃப்ரீயா இருக்கும்போது பாருங்க" – இப்போதே.
"அவசரம் இல்லை, நாளைக்குக் காலையில் போதும்" – இன்று ராத்திரி.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்" – சம்பள உயர்வு இல்லை.

இரண்டு மொழியும் தெரிந்தவனுக்கு வரும் ஆபத்து ஒன்று உண்டு. மேலாளரிடம் "பாக்கலாம் சார்" என்றேன், முடியாது என்ற அர்த்தத்தில். அவர் கோயம்புத்தூர்க்காரர். ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்.

படி 5: நடை சாத்துங்கள்

ஊரில் நேரத்தை நேரமாக நடத்துகிற இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று சர் சிவசாமி ஐயர் மேல்நிலைப் பள்ளி. நீள மணி அடித்துவிட்டால் பாதி வாக்கியத்தில் நிற்கிற ஆசிரியருக்காகக்கூட எந்தப் பையனும் காத்திருந்ததில்லை. நான் அங்கே படித்த காலத்தில் என் எல்லைகள் மிகத் தெளிவாக இருந்தன.

இன்னொன்று அக்னீசுவரர் கோயில். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டால், தஞ்சாவூரிலிருந்து வந்தவரானாலும் டெல்லியிலிருந்து வந்தவரானாலும் சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார வேண்டியதுதான். சாமிக்கு உங்கள் மேல் கோபமில்லை, அலட்சியமும் இல்லை. இது அவர் ஓய்வு நேரம். இதில் வருத்தப்பட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்தத் தலத்தின் கதையே நமக்காகச் சொன்னது போல இருக்கும். அக்னி வந்து வழிபட்ட ஊர் இது. அக்னியின் வேலையை யோசித்துப் பாருங்கள். யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நெய்யும் அவரிடம்தான், குப்பையும் அவரிடம்தான். எல்லாவற்றையும் எரிக்கிறவன் என்ற பழி மட்டும் மிச்சம். ஒரு நாள் அவரே தாங்காமல் இங்கே வந்து, குளம் தோண்டி, குளித்து எழுந்து, படியிறங்கிப் போய் சாமி முன்னால் நின்றார். மூன்று லோகத்தின் அவசர வேலையும் பார்க்கிறவருக்கே ஒரு முழுக்கு தேவைப்பட்டிருக்கிறது. நாம் விடுப்புக் கடிதம் எழுத ஏன் இவ்வளவு கூச வேண்டும்?

செய்முறை: மாலை ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடவும். "நடை சாத்தியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவும். நான் சொன்னேன். "சாத்தியாச்சா, அப்ப சும்மாத்தானே இருக்கே" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

படி 6: சட்டம் தெரிந்துகொள்ளுங்கள்

வேலை நேரம் முடிந்தபின் முதலாளி கூப்பிட்டால் எடுக்காமலிருக்க பிரான்சில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல். நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே 2018-இல் இதற்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. பதிலுக்கு நமக்கு உபதேசங்கள் கிடைத்தன. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் நாராயண மூர்த்தி. அது 2023. அடுத்து 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஏலம் போகிற போக்கைப் பார்த்தால் வாரத்தின் 168 மணி நேரமும் சீக்கிரம் படிந்துவிடும்.

தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரல் 21-இல், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1-ஆம் தேதி, திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறு வருடம் கழித்து அதே வேலை நேரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. எவ்வளவு பழைய வரப்பானாலும் நண்டு விடுவதில்லை.

நம் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒரு பாடம் உண்டு. பண்ணையாள் என்று இருந்தார்களே, அவர்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. விடிவதற்கு முன் வயல், இருட்டியபின் கொட்டில், நடுவில் பண்ணை வீட்டில் எது நடந்தாலும் அதுவும் வேலை. மறுத்தால் சவுக்கடி, சாணிப்பால். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் கிராமம் கிராமமாக நடந்து சங்கம் கட்டினார்கள். 1952-இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அந்த மனிதர்கள் யாரும் தனி அறையில் தாழ்ப்பாள் போட்டு எல்லை போடவில்லை. சேர்ந்து நின்றுதான் போட்டார்கள். என்னைப் போல ஆளுக்கொரு பத்தாய அறையில் இருந்திருந்தால் இன்னும் கொட்டிலில்தான் இருந்திருப்பார்கள்.

படி 7: கரையேறக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர்கள் எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் பெண்கள். காலையில் வருவார்கள். வரிசையாகக் குனிந்தால் சேறு தெரியாமல் பச்சை ஏறிக்கொண்டே போகும். பேச்சு, சிரிப்பு, வம்பு எல்லாம் உண்டு, கை மட்டும் நிற்காது. பேசின நேரம் வந்ததும் ஒருவர் நிமிர்வார். அவர் நிமிர்ந்தால் எல்லாரும் நிமிர்வார்கள். வாய்க்காலில் கை கால் கழுவிக் கரையேறிவிடுவார்கள்.

போன குறுவையில் ஒரு மூலையில் கொஞ்சம் இடம் பாக்கி. நாற்று முடியும் கிடக்கிறது. அப்பா வரப்பில் நின்றுகொண்டு இழைந்தார்.

"இன்னும் ரெண்டு முடிதாம்மா. அதையும் குத்திட்டுப் போயிடுங்களேன்."

செட்டில் மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கோபமில்லை, குழைவும் இல்லை.

"அது நாளைக்குங்கய்யா. நேரமாச்சு."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பொய் இல்லை. அப்படியே அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபிறகுதான் அப்பா சொன்னது காதில் ஏறியது. இன்னும் ரெண்டு முடிதான். அது என் மேலாளரின் வசனம். இழுப்பு, குழைவு, அந்த "தாம்மா" உட்பட. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா, "இப்பல்லாம் யாரும் மனசு வச்சு வேலை பாக்கிறதில்ல" என்றபோது எனக்கு அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

சந்தேகங்கள்

கே: அவசரம் என்றால்கூட எடுக்கக் கூடாதா?
ப: வரப்பில் மடை வேண்டும். மடையே வைக்காமல் போட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். ஆனால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் எந்நேரமும் திறந்திருந்தால் அதற்கு மடை என்று பெயரில்லை, உடைப்பு என்று பெயர்.

கே: நான் திருக்காட்டுப்பள்ளியில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா?
ப: திருவெண்காட்டுக்குப் பக்கத்தில் கீழைத் திருக்காட்டுப்பள்ளி என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு தடவை அங்கே இருப்பதாகச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டாம் தடவை இருப்பிடத்தைப் பகிரச் சொல்வார்கள்.

கே: அம்மாக்களுக்கு இந்தக் கையேடு பொருந்துமா?
ப: படித்துக் காட்டினேன். "முடிஞ்சுதா? அந்த வெங்காயத்த உரிச்சுக் குடு" என்றார்.

செய்முறைத் தேர்வு

அறுவடைச் சமயம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த சட்டம். முந்தின வருடம் எங்கள் நெல் 19 காட்டியது. குவியலை விரித்துக் காயவைத்து, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி காவலுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். அந்தத் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்துதான் 7.30 கூட்டத்தில் கலந்துகொண்டேன். "பின்னணி நீலமாக இருக்கிறதே, புது அலுவலகமா?" என்றார் மேலாளர்.

இந்த வருடம் அதெல்லாம் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். ஆத்தூர்ப் பக்கத்து பெல்ட் அறுவடை வண்டி ஒன்று ஊரில் நின்றது. இரவு 10.40. கிழக்கே மின்னியது. நான் போனை எடுத்து வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சின்ன விஷயம்…"

அந்த மூன்று வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"தம்பி, வண்டிய நிறுத்தியாச்சு. சாப்பிட்டுப் படுத்தாச்சு. இப்ப அறுத்தா பனி ஈரத்தோட வரும், உங்க நெல்லத்தான் தள்ளுவாங்க. காலைல பனி காஞ்சதும் வர்றேன். நீங்களும் போய்ப் படுங்க."

வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை தூறலோடு போய்விட்டது. மறுநாள் ஒன்பதரைக்குச் சொன்னபடி வந்து, மத்தியானத்துக்குள் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ராத்திரி கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போனைக் கீழே வைத்த கையோடு இன்னொரு போன் ஒளிர்ந்தது. மேலாளர். "ஃப்ரீயா இருக்கும்போது பாருங்க." மணி 10.52.

"வண்டிய நிறுத்தியாச்சு சார்" என்று தட்டினேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் அப்பா தூக்கத்தில் புரண்டு படுத்தார்.

அழித்தேன். "பாக்கலாம் சார்" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன். அவர் என்ன எழுதிக்கொண்டார் என்பது காலையில் தெரிந்தது.